ஆறு மணி அலை: போதையை விட நினைக்கிறவர்களுக்கு நிறைகவனப் பயிற்சி

குடியை விட்டு ஒரு கிழமை ஆனவர்களுக்கும், "நாளையில இருந்து விடுறன்" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் வைத்தியரும் இல்லை, உளவளத்துணையாளரும் இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் ஒரு சிமெந்துக் கடையில் கணக்கு எழுதுகிற ஆள். பதினாலு வருடம் குடித்தேன், விட்டு ஏழாவது வருடம் நடக்கிறது. இடையில் இரண்டு தரம் வழுக்கியும் இருக்கிறேன், அதையும் கீழே சொல்கிறேன்.

என்னைக் கரை சேர்த்தது ஒரேயொரு விஷயம் என்று சொன்னால் பொய். கிளினிக் மருந்து, மனிசியின் பிடிவாதம், வேலை விட்டு வீட்டுக்குப் போகிற பாதையை மாற்றியது, எல்லாம் இருந்தது. ஆனால் மருந்து முடிந்த பிறகு, பின்னேரம் ஆறு மணிக்கு வாய் ஊறத் தொடங்கும்போது அந்த இருபது நிமிடத்தை என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. "மனசைக் கட்டுப்படுத்து" என்பார்கள். எப்படி என்று கேட்டால் திரும்பவும் "கட்டுப்படுத்து" என்றே சொல்வார்கள். அந்த "எப்படி"யைத்தான் எனக்குத் தெரிந்த அளவில் எழுதப் பார்க்கிறேன்.

உட்காருவதற்கு முதல் உடம்பு

இதை வாசிக்காமல் கீழே போக வேண்டாம். நாள்தோறும் நிறையக் குடிக்கிற ஒருவர் திடீரென்று நிறுத்தினால் கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாததைப் பார்த்து, சுவரில் பூச்சி ஊருது என்று பிதற்றுகிற நிலை வரும். உயிர் போகக்கூடிய விஷயம். சாராயமானாலும் கசிப்பானாலும் கதை இதுதான்.

நான் முதல் தரம் விட்டது அக்காவின் மகளுடைய சாமத்திய வீட்டில் அவமானப்பட்ட அடுத்த நாள். ஒருவரிடமும் சொல்லவில்லை. அறைக் கதவைப் பூட்டி, போனில் யாரோ ஒருவருடைய தியான வீடியோவைப் போட்டுவிட்டு, சம்மணம் கட்டி உட்கார்ந்தேன். மூச்சைப் பார் என்றார்கள், எனக்குத் தண்ணிக் கிளாசைக்கூடப் பிடிக்க ஏலவில்லை. இரண்டாம் இரவு வலிப்பு வந்தது. வீட்டில் செய்வினை என்று முடிவு கட்டி, நூல் கட்டுகிற ஒருவரைக் கூட்டிவர ஆளும் அனுப்பிவிட்டார்கள். (மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்ட வைப்பார்கள் என்று மற்ற ஊரார் பகிடி பண்ணினால் எங்களுக்குக் கோபம் வரும், ஆனால் நேரம் வந்தால் முதலில் நம்புவதும் நாங்கள்தான்.) நல்ல காலம், மச்சான் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தார். வார்டில் ஒருவர் "குடிச்சிட்டு வந்து எங்களுக்கு வேலை வைக்கிறீங்க" என்று ஏசினார், அதுவும் நடந்தது. ஆனாலும் உயிர் தப்பியது அங்கேதான்.

அதனால் தினக் குடி என்றால் முதலில் பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கோ, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ போங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம், அந்தக் கணக்கை வைத்துத்தான் மருந்தின் அளவு. நடுக்கத்துக்கான மருந்தோடு பி1 விட்டமினும் தருவார்கள், அதைச் சத்துக் குளிசைதானே என்று தூக்கிப் போட வேண்டாம். குடிகாரரின் மூளையைக் காக்கிறதே அதுதான். இரவில் கதைக்க ஆள் வேண்டுமென்றால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம், தமிழிலும் கதைக்கலாம். உடம்பு தெளிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இது எங்கிருந்து வந்தது, எங்களுக்குப் பொருந்துமா

மைண்ட்ஃபுல்னஸ் என்பதைத் தமிழில் நிறைகவனம் என்கிறார்கள், விழிப்புணர்வு என்கிறவர்களும் உண்டு. வேலை ஒன்றுதான்: இந்த நேரத்தில் உடம்பிலும் மனதிலும் என்ன நடக்கிறதோ அதை நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது. மனதை வெறுமையாக்கச் சொல்லவில்லை. வெறுமையாக்க ஏலாது என்பது உட்கார்ந்த முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் ஜொன் கபட்-சின் என்பவர் 1979ல் தீராத வலியோடு இருந்த நோயாளிகளுக்காக ஒரு வைத்தியசாலையில் இதைத் தொடங்கினார். போதைக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சியாட்டலில் இருந்த அலன் மார்லட் என்ற உளவியலாளர். விட்டவர்கள் ஏன் திரும்ப விழுகிறார்கள் என்பதையே வாழ்க்கை முழுக்க ஆராய்ந்த மனிதர். அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் சேர்ந்து எட்டுக் கிழமைப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள். 2014ல் வெளியான ஆய்வில், சிகிச்சை முடித்து வந்த 286 பேரை மூன்று பிரிவாக்கி ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். தொடக்க மாதங்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வருட முடிவில், இந்தப் பயிற்சி எடுத்தவர்கள் போதை எடுத்த நாட்கள் மற்ற இரண்டு பிரிவையும்விடக் குறைவாக இருந்தன. இதில் நான் அடிக்கோடு போடுகிற வரி "சிகிச்சை முடித்து வந்த" என்பதுதான். சிகிச்சைக்குப் பதிலாக இதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் வராமல் போகாத கேள்வி ஒன்று இருக்கிறது: இது பௌத்தர்களுடைய தியானம்தானே? வேர் அங்கேதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் வைத்தியசாலைகளில் சொல்லித் தருகிற இந்தப் பயிற்சியில் மந்திரமும் இல்லை, வணங்குவதற்கு ஒன்றும் இல்லை. காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த ஒருவர் மஃரிப் தொழுகை முடிந்து பத்து நிமிடம் பாயிலேயே உட்கார்ந்து மூச்சைப் பார்க்கிறார். தொழுகை தொழுகைதான், இது பல்லுத் துலக்குகிற மாதிரி ஒரு பழக்கம் என்பார். கோயில் வழிபாட்டோடும் ஜெபமாலையோடும் இது சண்டைக்கு நிற்காது.

முதல் கிழமை: ஒரு கிளாஸ் தேத்தண்ணி

எல்லோரும் விடுகிற பிழை, ஆசை வந்து கழுத்தைப் பிடிக்கும்போதுதான் பயிற்சியைத் தொடங்குவது. நீச்சல் பழகுகிறவன் மாரி காலத்தில் முகத்துவாரத்திலா குதிப்பான்? அமைதியான நேரத்தில், சின்ன விஷயத்தில் பழகுங்கள். அங்கே பழகினது இங்கே தானாக வரும்.

காலையில் ஒரு பிளேன்டீ போடுங்கள். போனைப் பக்கத்தில் வைக்க வேண்டாம். கிளாசை இரண்டு கையாலும் பிடித்து, எந்த விரலில் சூடு கூட, எதில் குறைய என்று பாருங்கள். ஆவி மூக்கில் படுவதைப் பாருங்கள். இஞ்சி போட்டிருந்தால் அந்த வாசம் வரும்போதே நாக்குக்கு அடியில் உமிழ்நீர் ஊறும், குடிக்க முதலே ஊறும், அதைக் கவனியுங்கள். இந்த ஊறல்தான் ஆறு மணிக்கும் வருகிறது, இங்கே ஆபத்து இல்லாத உருவத்தில் அதைச் சந்திக்கிறீர்கள். ஒரு மிடறு எடுத்து உடனே விழுங்காமல் கசப்பும் சீனியும் நாக்கில் எந்த இடத்தில் தெரிகிறது என்று பார்த்துவிட்டு விழுங்குங்கள். தொண்டை, நெஞ்சுக்கூடு, வயிறு என்று சூடு இறங்குவதைப் பின்தொடருங்கள். இப்படி மூன்று மிடறு போதும், மிச்சத்தை வழக்கம்போலக் குடிக்கலாம்.

முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. நாலாம் நாள் ஒரு விஷயம் பிடிபட்டது: பதினாலு வருடத்தில் சாராயத்தின் ருசியை நான் ஒரு தரம்கூட ஒழுங்காகக் கவனித்ததில்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டு கண்ணை மூடி ஊத்துகிற சாமானை ருசி என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இரண்டாம் கிழமை: மூச்சும் நுளம்பும்

ஒரு கதிரை போதும், பிளாஸ்டிக் கதிரையே போதும். சம்மணம் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு பாதமும் நிலத்தில், முதுகு நேராக, ஆனால் விறைக்காமல். கண்ணை மூடலாம், மூடப் பிடிக்காவிட்டால் முற்றத்தில் மூன்று முழம் தள்ளி ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மூச்சு உள்ளே வருகிறது, வெளியே போகிறது, அதை எங்கே தெளிவாக உணர்கிறீர்களோ, மூக்கு நுனியோ வயிறோ, அங்கே கவனத்தை வையுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கிற வேலை எல்லாம் வேண்டாம், அது வேறு பயிற்சி.

பத்து மூச்சுக்குள் மனம் கடன்காரனிடம் போய்விடும். போனதைக் கண்டதும் "ஆ, போயிட்டுது" என்று மனதுக்குள் சொல்லி, ஏசாமல் திருப்பிக் கூட்டி வாருங்கள். மாடு மேய்த்தவர்களுக்கு இது தெரிந்த வேலைதான்: வயலுக்குள் இறங்கின மாட்டை அடித்தால் அது இன்னும் உள்ளே ஓடும், மெல்லத் திருப்பினால் வரும். ஐந்து நிமிடத்தில் ஐம்பது தரம் போய் ஐம்பது தரம் திருப்பினால், ஐம்பது தரம் பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்று கணக்கு. அன்றைக்குப் பயிற்சி சரிவரவில்லை என்று எழுந்து போகிறவர்கள்தான் அதிகம், அவர்களுக்குத்தான் நல்ல பயிற்சி நடந்திருக்கும்.

இந்தக் கிழமைக்கு இன்னொரு ஆசிரியர் இருக்கிறார், அவருக்குச் சம்பளமும் இல்லை. நுளம்பு. கடித்த இடம் அரிக்கும்போது சொறியாமல் ஒரு நிமிடம் இருந்து பாருங்கள். முதலில் அரிப்பு கூடும், கை தானாகக் கிளம்பும், "இப்ப சொறியாட்டி ஏலாது" என்று உள்ளே ஒரு குரல் கத்தும். சொறியாமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அரிப்பு ஒரே மாதிரி இருக்காது: குத்தும், பரவும், சூடாகும், ஒரு கணம் மறைந்துபோய்த் திரும்ப வரும், பிறகு எப்போது போனது என்று தெரியாமல் போயிருக்கும். குடி ஆசையின் மொத்தப் பாடமும் இந்த ஒரு நிமிடத்துக்குள் இருக்கிறது. (இதற்காக நுளம்பைக் கூப்பிட்டுக் கடிக்க விட வேண்டாம், டெங்கு உள்ள ஊர்.)

மூன்றாம் கிழமை: ஆசை எங்கே குடியிருக்கிறது

படுத்துக்கொண்டு பாதத்திலிருந்து தலை வரைக்கும் ஒவ்வொரு இடமாகக் கவனத்தைக் கொண்டு போகிற பயிற்சி ஒன்று இருக்கிறது. கால் விரல், குதிகால், கெண்டைக்கால் என்று இருபது நிமிடம். பலருக்கு இதில் நித்திரை வந்துவிடும், வந்தால் வரட்டும், புதிதாக விட்டவர்களுக்கு நித்திரையே பெரிய விஷயம்.

எதற்கு இது? எனக்கு ஆசை வருகிறது என்பது தெரியும், ஆனால் உடம்பில் எங்கே வருகிறது என்று தெரியாது. பார்க்கப் பழகின பிறகு கண்டுபிடித்தேன்: முதலில் தாடை இறுகும், பிறகு நெஞ்சுக்குக் கீழே, விலா எலும்பு பிரிகிற இடத்தில் ஒரு சூடு. அதற்குப் பிறகுதான் "ஒண்டு போட்டா என்ன" என்ற எண்ணம். எண்ணம் வந்த பிறகு அதோடு வாதாடி வெல்வது கஷ்டம், அது எங்களைவிட நல்ல வழக்கறிஞர். தாடை இறுகும்போதே பிடித்தால் நிறைய நேரம் கையில் இருக்கிறது. உங்களுக்கு அது தோளிலோ, உள்ளங்கையிலோ, வயிற்றிலோ இருக்கலாம், ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

நாலாம் கிழமை: அலை

ஆசையைக் கடல் அலையாகப் பார்க்கச் சொன்னவர் அந்த மார்லட்தான், அலையில் சறுக்குவது என்றே அதற்குப் பெயரும் வைத்தார். அறுகம்பையில் வெள்ளைக்காரரும் எங்கள் பொடியன்களும் பலகையில் ஏறிச் செய்வதுதான். ஆனால் எனக்கு அதைவிடக் கல்லடிக் கரையில் வள்ளம் தள்ளுகிறவர்களைப் பார்த்துத்தான் விளங்கியது. அலை உடைகிற இடத்தைத் தாண்டும்போது அவர்கள் வள்ளத்தின் முன்பக்கத்தை, அணியத்தை, அலைக்கு நேரே காட்டுவார்கள். பயந்து வள்ளத்தைத் திருப்பினால், பக்கம் காட்டினால், கவிழ்த்துவிடும். அலையை நிறுத்தவும் அவர்கள் பார்ப்பதில்லை, கடலை நிறுத்த யாரால் ஏலும்.

ஆசையும் ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்குள் இறங்கத் தொடங்கும். குடிக்கிற காலத்தில் எங்களுக்கு இது தெரியாமல் போனதற்குக் காரணம், உச்சிக்குப் போக முதலே ஊத்திவிடுவோம். அதனால் அது ஏறிக்கொண்டே போகும், குடிக்காவிட்டால் வெடித்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

செய்கிற முறை இது. இருக்கிற இடத்தில் இருங்கள், அல்லது நில்லுங்கள். மணியைப் பாருங்கள். ஆசைக்குப் பத்தில் எத்தனை புள்ளி என்று மனதுக்குள் சொல்லுங்கள். உடம்பில் அது குடியிருக்கிற இடத்துக்குப் போய், அதன் அளவு என்ன, சூடா குளிரா, துடிக்கிறதா இறுகுகிறதா என்று நுளம்புக் கடியைப் பார்த்த மாதிரியே பாருங்கள். தாங்க ஏலாமல் வந்தால் கவனத்தை மூச்சுக்கு மாற்றி, நாலைந்து மூச்சு இருந்துவிட்டுத் திரும்பப் போங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் புள்ளி போடுங்கள்.

ஒரு சம்பள நாள், வெள்ளிக்கிழமை, கடை பூட்டுகிற நேரம். கொப்பியில் எழுதி வைத்தது இன்னும் இருக்கிறது. 6.10க்கு ஆறு புள்ளி, தாடை இறுக்கம், சட்டைப் பையில் காசு இருப்பது உடம்புக்கே தெரிகிற மாதிரி ஒரு கனம். 6.15க்கு எட்டு. வேலை செய்கிற பொடியன் "அண்ணே வாறீங்களா" என்று கேட்டுவிட்டுப் போனான், அதோடு ஒன்பது. வியர்த்தது. கால்கள் தெருப்பக்கம் பார்த்து நின்றன, அதையும் பார்த்தேன். 6.20க்கும் ஒன்பதுதான், இது இறங்காது, இந்தக் கதையெல்லாம் சும்மா என்று தோன்றியது. 6.25க்கு ஏழு. 6.31க்குக் குறிப்பு எழுத மறந்து, பக்கத்துக் கடையில் ரொட்டி சுடுகிற வாசம் வருகிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பசி. மத்தியானம் சாப்பிடாமல் கணக்குப் பார்த்ததில், பாதி ஆசை பசியாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். எட்டரைக்குத் திரும்ப ஒரு சின்ன அலை வந்தது, வரத்தான் செய்யும், ஒரே நாளில் மூன்றும் வரும். ஆனால் ஊத்தாமல் விட்ட ஒவ்வொன்றுக்கும் பிறகு அடுத்தது கொஞ்சம் குட்டையாக இருக்கும். எனக்கு அது தெரிய இரண்டு மாதம் எடுத்தது.

ஒன்று சொல்ல வேண்டும். தவறணை வாசலில் நின்றுகொண்டு அலையில் சறுக்கிக் காட்டுகிறேன் என்று வீரம் காட்டக் கூடாது. சூறாவளி நேரத்தில் வள்ளம் இறக்குகிறவனைக் கெட்டிக்காரன் என்று யாரும் சொல்வதில்லை.

தெருவில் நிற்கும்போது: ஐந்து சொல்

இருபது நிமிடம் எல்லா இடத்திலும் கிடைக்காது. அதற்கு மூன்று நிமிட வழி ஒன்று இருக்கிறது. நில். பார். மூச்சு. விரி. செய்.

நில் என்றால் சைக்கிளில் போனால்கூட ஓரமாக நிறுத்து. பார் என்றால் உடம்பில் என்ன, மனதில் என்ன எண்ணம், என்ன கோபம் என்று ஒரு பார்வை. மூச்சு என்றால் ஒரு நிமிடம் மூச்சில் மட்டும் இரு. விரி என்றால் கவனத்தை முழு உடம்புக்கும், சுற்றியுள்ள சத்தத்துக்கும், வெளிச்சத்துக்கும் அகலமாக்கு. கடைசியாக, இப்போது எனக்கு உண்மையில் என்ன தேவை என்று கேட்டு, அதைச் செய். தேவை பெரும்பாலும் நாலில் ஒன்றாகத்தான் இருக்கும்: பசி, கோபம், தனிமை, களைப்பு.

விரிக்கிற பயிற்சிக்கு மட்டக்களப்பில் நல்ல இடம் பழைய கல்லடிப் பாலம். 1924ல் கட்டிய இரும்புப் பாலம், பக்கத்தில் புதியது வந்த பிறகு பழையதில் ஆறுதலாக நடக்கலாம். ஒவ்வொரு அடியிலும் குதி படுவது, பாதம் மடங்குவது, விரல் எழும்புவது என்று பார்த்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போய்த் திரும்புங்கள். பிறகு நின்று காதை மட்டும் திறந்து வையுங்கள். இங்கேதான் பாடும் மீன் கேட்கும் என்பார்கள். நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள், அதைவிட நல்ல கவனப் பயிற்சி ஒன்று எனக்குத் தெரியாது. நான் கேட்டேனா என்றால், இன்னும் இல்லை. ஓட்டோ ஹோர்னும், தண்ணீர் தூணில் மோதுகிற சத்தமும், யாரோ காறித் துப்புகிற சத்தமும்தான் கேட்டது. அதுவும் கணக்குத்தான்.

நாள்காட்டியில் சிவப்புக் கோடு

எந்த நாளில் அலை பெரிது என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். சம்பள நாள். மாசி பங்குனியில் படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்திலும் பெரும்போக அறுவடைக் காசு கைக்கு வருகிற நாள். கலியாண வீடு, செத்த வீடு, வெளிநாட்டிலிருந்து கூட்டாளி வருகிற கிழமை. பௌர்ணமிப் போயாவுக்கு முதல் நாள் பின்னேரம், ஏனென்றால் போயாவில் பார் பூட்டு என்று எல்லோரும் முதல் நாளே வாங்கி வைப்பார்கள். இந்த நாட்களைக் கலண்டரில் கோடு போட்டு, அன்றைக்குக் காலையிலேயே பத்து நிமிடம் கூட உட்காருங்கள், பின்னேரம் ஐந்துக்கே சாப்பிடுங்கள், யாரோடு போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முடிவெடுத்துவிட்டுப் போங்கள். போகாமல் விடுவதும் ஒரு முடிவுதான், மச்சான்மார் நாலு நாள் மூஞ்சை நீட்டுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள்.

கண்ணை மூடினால் பழையது வந்தால்

எங்கள் மாவட்டங்களில் குடிக்கிற ஆட்களில் எத்தனை பேர் நித்திரைக்காகக் குடிக்கத் தொடங்கினவர்கள் என்று கேட்டுப் பாருங்கள். 2009 வரைக்கும் யுத்தம், நடுவில் 2004ல் சுனாமி. கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்ததும் மனம் சில பேருக்கு மூச்சிடம் போகாது, நேரே அந்த நாளுக்குப் போகும். வியர்த்து, நெஞ்சு அடைத்து, அங்கேயே நிற்கிற மாதிரி இருக்கும். அப்படியானால் தாங்கிக்கொண்டு இருப்பதில் ஒரு பயனும் இல்லை, நிறுத்துங்கள். கண்ணைத் திறந்து, பாதத்தை நிலத்தில் அழுத்தி, கண்ணில் படுகிற ஐந்து பொருளின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள்: கதவு, வாளி, தென்னை, சைக்கிள், கோழி. முகத்துக்குத் தண்ணீர் அடியுங்கள். பிறகு உட்கார்கிற பயிற்சியை விட்டுவிட்டு, நடக்கிற பயிற்சியும் தேத்தண்ணியும் மட்டும் செய்யலாம். உளநலக் கிளினிக்கிலோ பிரதேச செயலகத்தில் இருக்கிற உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ இதைக் கட்டாயம் சொல்லுங்கள், அதற்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது. குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று இருப்பவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் நீண்ட நேரம் உட்காரக் கூடாது.

சாராயம் இல்லாத மற்றவை

சிகரெட்டுக்கும் வெற்றிலை புகையிலைக்கும் இதே முறைதான், அலை இன்னும் சின்னது, ஆனால் நாளுக்கு இருபது தரம் வரும். 2011ல் யேல் பல்கலைக்கழகத்தினர் 88 புகைபிடிப்பவர்களிடம் செய்த ஆய்வில் பதினேழாம் கிழமையில் நிறைகவனப் பயிற்சி எடுத்தவர்களில் 31 சதவீதம் பேர் விட்ட நிலையில் இருந்தார்கள், வழக்கமான பயிற்சி எடுத்தவர்களில் 6 சதவீதம். புகைக்கிறவரை அந்தப் புகையையே தேத்தண்ணி மாதிரிக் கவனித்துப் பார்க்கச் சொல்வார்கள், நிறையப் பேருக்கு அதன் நாற்றம் அன்றைக்குத்தான் தெரியும்.

ஐஸ் (மெத்தம்பெட்டமின்) எடுத்தவர்களுக்கு முதல் கிழமைகளில் உட்காரவே ஏலாது, நித்திரையும் சாப்பாடும்தான் முதல் மருந்து. போதைக் குளிசைகளைத் திடீரென்று நிறுத்த வேண்டாம், வைத்தியரோடு சேர்ந்து குறையுங்கள். ஹெரோயினில் ஒரு எச்சரிக்கை: சில கிழமை விட்டிருந்த உடம்புக்குப் பழைய அளவு தாங்காது. விட்டுத் திரும்பப் போகிறவர்கள் செத்துப்போவது அதனால்தான்.

வழுக்கினால்

முதல் வழுக்கல் எனக்கு ஏழாம் மாதம், மாமா முறையான ஒருவரின் செத்த வீட்டில், மூன்றாம் இரவு, சீட்டு விளையாட்டுக்கு நடுவில். ஒன்று குடித்தேன். ஒன்றோடு நின்றிருக்கலாம், ஆனால் மனம் சொன்னது: "சரி, எல்லாம் போச்சு, இனி எதுக்கு மிச்சம் வைக்கிற." அந்த ஒன்று என்னை விழுத்தவில்லை, அந்த வசனம்தான் அடுத்த ஒன்பது நாளைக்கு இழுத்துக்கொண்டு போனது. மார்லட் இதையும் ஆராய்ந்திருக்கிறார்: வழுக்கல் வேறு, விழுகை வேறு, வழுக்கலை விழுகை ஆக்குவது வெட்கமும் "எல்லாம் போச்சு"ம்தான்.

இரண்டாம் தரம் வழுக்கியபோது வேறு மாதிரிச் செய்தேன். அடுத்த நாள் காலை, தலையிடியோடு, அதே பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தேன். வெட்கம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன், காதுமடல் சூடாக இருந்தது. பிறகு கொப்பியை எடுத்து, நேற்று எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு, சாப்பிட்டேனா, தாடை எப்போது இறுகியது என்று பொலிஸ் முறைப்பாடு எழுதுகிற மாதிரி எழுதினேன். மனிசியிடம் அவள் கேட்க முதல் சொன்னேன். அன்றைக்குப் பின்னேரமே கிளினிக்கில் தந்த இலக்கத்துக்கு எடுத்தேன். நாலைந்து நாள் தொடர்ந்து குடித்துவிட்டீர்கள் என்றால், திரும்ப நிறுத்துவதையும் வைத்தியசாலையில் கேட்டுத்தான் செய்ய வேண்டும், நடுக்கமும் வலிப்பும் திரும்ப வரும்.

வீட்டுக்காரருக்கு

பயிற்சி செய்கிற மனிதன் முகத்தில் ஒளி வட்டம் எதுவும் வராது, கதிரையில் சும்மா இருக்கிற மாதிரித்தான் தெரியும். அந்தப் பத்து நிமிடம் தேங்காய் வாங்க அனுப்ப வேண்டாம். "இண்டைக்கு தியானம் செஞ்சீங்களா" என்று வாத்தியார் மாதிரிக் கேட்கவும் வேண்டாம், எங்களுக்கு அந்தக் கேள்வியே ஒரு அலை. ஆறு மணிக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்தால் போதும்.